பன்னிரண்டு மீற்றர் டெக்

அரசாங்கத்துக்கு மனு எழுதுவதில் லண்டன் தமிழரை மிஞ்ச ஆளில்லை என்று நான் எந்தச் சபையிலும் சொல்வேன். என்ன, எங்களுக்கு ஒரேயொரு மனுதான் எழுதத் தெரியும். எண்பதுகளில் வந்திறங்கியவர்கள் எல்லோரும் அதை எழுதித்தான் இந்த நாட்டில் காலூன்றினோம். என்னைத் திருப்பி அனுப்பாதேயுங்கோ என்கிற மனு அது. பிறகு வேலை எடுத்தோம், கடன்பட்டு வீடு வாங்கினோம், பிள்ளை பெற்றோம். ஆனாலும் அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதவுறை வாசலில் விழுந்தால் எங்கள் கை தானாகவே அந்தப் பழைய மனுவைத்தான் எழுதத் தொடங்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில் வாங்கிய எங்கள் முதல் வீட்டுக்குப் பின்னால் ஒரு டெக், அதாவது பலகைத் தளம், அடிக்க நான் அனுமதி கேட்ட கதையும் அப்படித்தான் ஆனது.

அந்த வீடு ஒரு சரிவில் நின்றது. முன்வாசல் தெருவோடு ஒட்டி ஒழுங்காக இருக்கும். சமையலறைப் பின்கதவைத் திறந்தாலோ அடுத்த அடி காற்றில்தான். தோட்டம் நெஞ்சளவு ஆழத்தில் கிடந்தது. வீட்டை விற்றவர் வைத்திருந்த மரப்படி நாங்கள் குடிபுகுந்த கிழமையே உக்கி விழுந்துவிட்டது. (வீடு பார்க்கப் போன அன்று அந்தப் படியில் நின்றுதான், "நல்ல உறுதியான வீடு" என்று மனைவியிடம் சொன்னேன்.) அன்றிலிருந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, கண்ணாடிக்குள்ளால் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து ஒரு படம் வந்தது. என் மனைவி மாலாவின் அண்ணன் ஜெயந்தன் அரைக்காற்சட்டையோடு ஒரு பெரிய மரத்தளத்தில் நின்று கோழிக்கால் வாட்டுகிறான். பின்பக்கத்தில், "எங்கட டெக்" என்று எழுதியிருந்தது. மாலா அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். நான் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஜெயந்தனுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. எங்கள் கலியாணப் பேச்சு நடந்தபோது, "அந்தப் பெடியனுக்கு அகதிக் கேஸே முடியேல்லை, அவனை நம்பி எப்பிடித் தங்கச்சியைக் குடுக்கிறது?" என்று கேட்டவன் அவன். (கேள்வி நியாயமானது. அதனால்தான் கோபம் கூட.) இப்போது ஓகஸ்ட் மாதம் குடும்பத்தோடு லண்டன் வருகிறான். கொழும்பு விமான நிலையத்தில் பிரிந்த பிறகு அண்ணனும் தங்கையும் நேரில் கண்டதில்லை.

"அண்ணா வரேக்கை எல்லாரும் வெளியில இருந்து ஒண்டாச் சாப்பிடவேணும்," என்றாள் மாலா. "கதவைப் பூட்டி வச்சுக்கொண்டு, இஞ்ச பாருங்கோ எங்கட தோட்டம் எண்டு கண்ணாடிக்குள்ளால காட்ட ஏலாது."

அவள் என்னிடம் பெரிதாக எதையும் கேட்டவளில்லை. அதனால் அன்றிரவே ரொறன்ரோவுக்கு அழைத்து, "மச்சான், நாங்களும் டெக் அடிக்கிறம்," என்று அறிவித்துவிட்டேன்.

"எவ்வளவு பெருசு?" என்றான்.

"நீங்கள் வந்து பாருங்கோவன்," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "உங்கடயை விடப் பெருசு," என்றும் சொல்லிவைத்தேன்.

பலகை விலை கேட்கப் போன இடத்தில் தச்சர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அவ்வளவு உயரத்தில் தளம் போட்டால் அதில் நிற்பவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை வரை தெரியும், அதற்கு உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலிடம் கட்டிட அனுமதி எடுக்கவேண்டும் என்றார். படிவத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குலம் அண்ணையிடம் போனேன்.

குலம் அண்ணை பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர். பகலில் தெற்கு லண்டன் தமிழரின் அகதி வழக்குகளுக்கு மனு எழுதுவார். அதனால் ஊரெல்லாம் அவருக்குப் பெயர் 'கேஸ் குலம்'. என் கேஸை எழுதி வென்று தந்தவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் இருக்கும்போது ஒரு டெக்குக்கு வேறு யாரிடம் போவது?

"பேர்மிசனோ? ஆர் குடுக்கிறது, ஹோம் ஒபிசோ?" என்று கேட்டார். (அகதி மனுக்களைத் தீர்மானிப்பது ஹோம் ஒபிஸ்.)

"இல்லை அண்ணை, கவுன்சில்."

"எல்லாம் ஒண்டுதான் தம்பி. நாங்கள் கேப்பம், அவன் மறுப்பான். மறுக்க ஏலாத மாதிரி எழுதுறதுதான் எங்கட வேலை." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சுருக்கமாச் சொன்னால் வெள்ளைக்காரன் நம்பமாட்டான். பிறந்ததிலயிருந்து தொடங்குவம்."

தொடங்கினார். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தது, படித்தது, வீட்டுக்கூரையில் ஷெல் விழுந்தது, ஓடியது, ஒளித்தது, வந்தது என்று பக்கம் பக்கமாகப் போயிற்று. என் பழைய வாக்குமூலத்தின் பிரதியை அவர் எறியாமல் வைத்திருந்தார். இதற்கும் டெக்குக்கும் எங்கே முடிச்சுப் போடப்போகிறார் என்று நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டார். "மேற்படி விண்ணப்பதாரர் தமது வளவில் வெட்டிய பங்கரில், நிலத்துக்குக் கீழே, குடும்பத்தோடு நெடுங்காலம் பதுங்கியிருக்க நேர்ந்தது. ஆகவே நிலத்துக்கு மேலே, உயரமான ஒரு தளத்தில் அமர்ந்திருக்க வேண்டிய தேவை அவருக்கு உண்டு."

ஆங்கிலத்தில் அது இன்னும் கம்பீரமாக இருந்தது. வாசித்து முடித்தபோது, டெக் இல்லாமல் நான் இத்தனை வருடம் எப்படி உயிரோடு இருந்தேன் என்று எனக்கே வியப்பாகிவிட்டது.

பங்கர் கதை உண்மைதான். பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, நானும் ஐயாவும் வெட்டியது. நான் அதை யாருக்கும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. மாலாவுக்கே பாதிதான் தெரியும். ஆனால் மனு என்று வந்தால் எதையும் மறைக்கக்கூடாது என்பது குலம் அண்ணையின் கட்டளை.

அடுத்தது ஆதரவுக் கடிதங்கள். வெஸ்ட் ஈலிங் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வந்த தெரிந்த முகங்களையெல்லாம் பிடித்தோம். எங்கள் டொக்டர், எனக்குக் காற்றோட்டம் அவசியம் என்று எழுதினார். என் நண்பன் ஒருவன் தன் அகதி வழக்குக்கு யாரோ எழுதிய பழைய கடிதத்தை எடுத்து, நாட்டின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தான். "இவர் டெக் இல்லாத நிலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டால் இவரது உயிருக்கு உத்தரவாதமில்லை" என்று அது முடிந்தது.

இத்தனை தடித்த மனுவில் எனக்கு விடப்பட்ட வேலை ஒன்றே ஒன்று. நீளம், அகலம் என்ற கட்டங்களை நிரப்புவது. நான் ஒரு கம்பனியில் கணக்குப் பார்ப்பவன், இலக்கங்களோடு பிழைப்பவன். மாலாவோடு தோட்டத்தில் நின்று அளந்தது மனதில் இருந்தது. பன்னிரண்டு, பத்து என்று அழகாக எழுதினேன். நாங்கள் அளந்தது அடியில். கட்டத்துக்கு மேலே அச்சடித்திருந்தது மீற்றர்.

சில கிழமைகளில், இடம் பார்க்க ஆள் வரும் என்று கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. குலம் அண்ணை உடனே வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இதுதான் இன்ரவியூ," என்றார். "ரெண்டு விசயம். முதல் சொன்னதைக் கடைசிவரை மாத்தக்கூடாது. முரண்பாடு வந்தால் கேஸ் போச்சு. மற்றது, அவை அன்பாக் கேட்டால்தான் நீ கவனமா இருக்கவேணும். 'நீங்கள் இப்பிடித்தானே சொல்ல வந்தீங்கள்' எண்டு தேன் மாதிரிக் கேப்பினம். ஓம் எண்டு தலையாட்டினியோ, முடிஞ்சுது."

என்னையும் மாலாவையும் எதிரெதிரே இருத்தி, கலியாணத் திகதி, வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள், யார் எந்தப் பக்கம் படுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார்.

"அவை பலகை அடிக்கிற இடத்தைப் பாக்க வருகினம் அண்ணை," என்றாள் மாலா. "எங்கட கட்டிலைப் பாக்க இல்லை."

"நீர் சும்மா இரும்," என்று நான் அவளை அடக்கினேன். சட்டம் தெரிந்தவர் சொல்லும்போது பெண்கள் இடையில் கதைக்கலாமா? (அப்போது நான் அப்படியான ஆள். அதற்கான தண்டனையை இன்றுவரை தவணை முறையில் அனுபவித்து வருகிறேன்.)

வந்தவள் ஓர் இளம்பெண். சேறு படிந்த சப்பாத்தை வாசலிலேயே கழற்றினாள். நான் கழுத்துப்பட்டி கட்டி, பாஸ்போர்ட்டை மேசையில் எடுத்து வைத்திருந்தேன். அவள் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. அது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. சமையலறையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தாள். எங்கள் வீடு, எங்கள் வேலி, பக்கத்து வீடு எல்லாம் அதில் இருந்தன. நான் கொடுத்த அளவுப்படி யாரோ பென்சிலால் ஒரு பெட்டி கீறியிருந்தார்கள். அந்தப் பெட்டி எங்கள் தோட்டத்தை முழுதாக விழுங்கி, வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குள் பாதி போய் நின்றது.

பார்த்த கணமே எனக்கு விளங்கிவிட்டது.

"இது உங்கள் காணியை விடப் பெரிதாக இருக்கிறதே," என்றாள். பிறகு, தேன் மாதிரி, "நீங்கள் அடியில் சொல்ல வந்தீர்களா?" என்று கேட்டாள்.

அதே வார்த்தை. குலம் அண்ணை சொன்ன அதே பொறி. அவர் வரவேற்பறைக் கதவிடுக்கால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றேன். "மீற்றர்தான்."

"பன்னிரண்டு மீற்றர்?"

"பன்னிரண்டு மீற்றர். நான் முதலிலேயே தெளிவாக எழுதியிருக்கிறேன்."

தேநீர்த் தட்டோடு வந்த மாலா விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தபடியே தமிழில், "அடியெண்டு சொல்லுங்கோ," என்றாள்.

"முதல் சொன்னதை மாத்தேலாது."

"இது கேஸில்லையப்பா. பலகை."

"ஏதாவது பிரச்சினையா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லை, என் மனைவியும் அதையேதான் சொல்கிறார்," என்றேன். மாலா தட்டை வைத்த சத்தத்தில் தேநீர் வரைபடத்தில் சிந்தியது.

பென்சிலால் கீறிய பெட்டியின் மறு மூலையை அந்தப் பெண் தொட்டுக் காட்டி, அது பக்கத்து வீட்டு மிஸ்ட்டர் பெனட்டின் கிரீன்ஹவுஸுக்கு நடுவில் வருவதாகச் சொன்னாள். அவருக்கு ஆட்சேபம் இருக்காதா என்று கேட்டாள். "நல்ல மனுசன்," என்றேன். அந்த நாள்வரை நானும் பெனட்டும் மழையைப் பற்றி மட்டுமே பேசியிருந்தோம்.

ஆட்சேபம் இருந்தால் அறிவிக்கும்படி கவுன்சில் அவருக்குக் கடிதம் போட்டது. பெனட் தனியாக வாழ்ந்த ஓய்வுபெற்ற மனிதர். உலகத்தில் அவருக்கிருந்த ஒரே சொத்து அந்தக் கிரீன்ஹவுஸின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வளர்ந்த தக்காளிச் செடிகள்தான் என்று சொல்லலாம். நான் அவரைக் கண்டால் ஒளியத் தொடங்கினேன். குப்பை வாளியை வெளியே வைக்கக்கூட மாலாவை அனுப்பினேன். அப்படியும் ஒரு சனிக்கிழமை காலை அவர் வந்து கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"மிஸ்ட்டர் நாதன், கவுன்சிலுக்குப் போய் உங்கள் கோப்பைப் பார்த்தேன்," என்றார். "தடித்த கோப்பு. முழுவதும் வாசித்தேன். வாசித்து முடிய பஸ் போய்விட்டது."

கோப்பையோ? யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாமாம். எங்கள் அகதி மனு இரகசியம். டெக் மனுவோ ஊருக்கே பொது. என் ஷெல், என் பங்கர், என் ஓட்டம் எல்லாவற்றையும் கவுன்சில் மேசையில் யாரும் புரட்டலாம். நடுச்சந்தியில் உடுப்பில்லாமல் நிற்பது போல எனக்குக் கூசியது. தன் கிரீன்ஹவுஸுக்காக அவர் நாலு ஏச்சு ஏசியிருந்தால் அதைவிட நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் ஏசவில்லை. "எங்களுக்கும் ஒன்று இருந்தது," என்றார்.

"என்ன?"

"பங்கர். கிரீன்ஹவுஸ் நிற்கிற அதே இடத்தில். போர்க்காலத்தில் அப்பா வெட்டினார். நான் சின்னப் பையன். இந்தத் தெருவில் பல வீடுகளில் இருந்தது." கொஞ்சம் யோசித்தார். "மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர்."

"எங்களுக்கும் தண்ணீர்," என்றேன் நான்.

"தவளை?"

"தவளை வரும். ஒருநாள் பாம்பும் வந்தது."

"பாம்பு," என்று மரியாதையோடு சொல்லிக்கொண்டார். வாசலிலேயே நின்று, ஈர மண்ணின் மணம், மேலே சத்தம் நின்ற பிறகும் வெளியே வர மனமில்லாமல் இருப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டே போனோம். உள்ளே மாலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். தன் புருஷனின் மற்றப் பாதிக் கதையை அவள் அன்றைக்குத்தான், ஒரு வெள்ளைக்காரருக்கு நான் சொல்லும்போது கேட்டாள்.

போகப் புறப்பட்டவர், "நான் கவுன்சிலுக்கு எழுதிவிட்டேன்," என்றார். "உங்களுக்கு ஆதரவாக."

"அளவைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். கொஞ்சம் தாராளம்தான். தக்காளியை முன்பக்கம் வைத்துக்கொள்கிறேன்."

வெட்கமாகவும் இருந்தது, அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக வாக்குமூலத்தை மாற்றினேன். "மிஸ்ட்டர் பெனட், அது மீற்றர் இல்லை. அடி."

அவர் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் கொஞ்சம் ஆறுதல்தான்," என்றார்.

திங்கட்கிழமை காலை நான் கவுன்சிலுக்கு ஓடினேன். அதற்குள் மறுப்புக் கடிதம் தபாலில் போய்விட்டது. தன் தோட்டத்தை இழக்கப்போகிறவரே ஆதரவுக் கடிதம் எழுதிய விண்ணப்பத்தைத் தாங்கள் இதுவரை கண்டதில்லை என்றும், ஆனாலும் அடுத்தவர் காணியில் எனக்கு அனுமதி தர இயலாதென்றும் இடம் பார்க்க வந்த அந்தப் பெண் சொன்னாள். புதிதாகப் போட்டால் ஓகஸ்ட்டுக்குள் முடிவு வராது. மறுப்பு வந்த செய்தி பரவி, ஆட்கள் செத்தவீட்டுக்கு வருவது போல வந்து, கோப்பி குடித்து, "பயப்படாதேயும், அப்பீல் இருக்கு," என்று ஆறுதல் சொல்லிப் போனார்கள். குலம் அண்ணை மட்டும் தலை நிமிர்ந்தே இருந்தார். "நீ முரண்படேல்லை. அதுதான் முக்கியம்," என்றார்.

ஜெயந்தன் வந்தான். அண்ணனும் தங்கையும் வாசலில் நின்று அழுதார்கள். அழுது முடிந்து முகம் கழுவியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "டெக் எங்க மச்சான்?"

நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன். மாலா தரையைப் பார்த்தாள். இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சி, மீன் பொரியல் என்று விடியவே எழும்பிச் சமைத்ததெல்லாம் அந்த இடுங்கிய சமையலறையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நின்றபடி ஆளாளுக்குத் தட்டில் போட்டுக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. அவளுடைய முகத்தை அன்றைக்குப் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. பெனட் வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். தன் பக்கவாட்டுக் கேற் திறந்திருக்கிறது, மேசை போட்டாயிற்று, எல்லோரும் வரலாம் என்றார். மாலா அவரிடம் என்ன சொல்லியிருந்தாள், எப்போது சொல்லியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் என்னைக் கேட்காமல் செய்த காரியங்கள் எல்லாம் இதுவரை சரியாகவே முடிந்திருக்கின்றன.

பானை பானையாகத் தெருவால் தூக்கிப் போனோம். கிரீன்ஹவுஸுக்குப் பக்கத்தில், படுக்கை விரிப்புப் போட்ட மேசையில் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். ஜெயந்தன் மீனில் முள் எடுத்து மாலாவின் தட்டில் வைத்தான். அவள் அதைச் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டெக் என்ன மாதிரி?" என்று ஜெயந்தன் மறுபடி தொடங்கினான். நான் வாய் திறப்பதற்குள் பெனட் முந்திக்கொண்டார். "நீங்கள் இப்போது அதற்கு மேலேதான் இருக்கிறீர்கள். அளவு அதிகம் என்று கவுன்சில் மறுத்துவிட்டது." முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. லண்டன் கவுன்சிலே மிரண்டுபோகிற அளவுக்குத் தங்கையின் புருஷன் டெக் கேட்டான் என்ற செய்தியோடு ஜெயந்தன் ரொறன்ரோ திரும்பினான். அங்கே என் மரியாதை உயர்ந்தது.

அடுத்த வருடம் மாலா தானே விண்ணப்பம் எழுதினாள். ஒரே பக்கம். என் பிறப்பைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அனுமதி வந்தது, தச்சர் வந்தார், பன்னிரண்டு அடிக்குப் பத்து அடியில் ஒரு டெக் நின்றது.

சில வருடம் கழித்து ஜெயந்தன் மீண்டும் வந்தான். பின்கதவைத் திறந்து விறுவிறுவென்று நடந்தவன் உடனேயே கைப்பிடியில் முட்டிக்கொண்டு நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"மச்சான், மிச்சம் எங்க?"

மாலா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மிச்சம் பெனட்டின்ர வளவுக்குள்ள கிடக்கு அண்ணா," என்றாள்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் வேலிக்கு அப்பால் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெனட் நிமிர்ந்து, என்ன விஷயம் என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு யோசித்தார். "பத்திரமாகத்தான் இருக்கிறது," என்றார். "வேண்டிய நேரம் வந்து இருங்கள்."

போன மாதம், இந்த டெக் கதையைக் கேட்டே வளர்ந்த எங்கள் மகள், தன் சொந்தக் காசில் வாங்கிய அடுக்குமாடிப் பிளாற்றைக் காட்டக் கூட்டிப்போனாள். நான் நடுஅறையில் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டினேன். ஒரு கை சுவரில் பட்டது, மறு கை ஜன்னலில் பட்டது. நான் வாய் திறக்கமுன்னமே அவள் சொன்னாள், "அப்பா, மிச்சம் மிஸ்ட்டர் பெனட்டிட்ட இருக்கு."